ஃபோகஸ் ஆர்எஸ், ஜிஆர் யாரிஸ்: திருட்டைத் தடுக்க எதற்குப் பணம் போடுவது?

பிரிட்டனில் ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ்ஸோ டொயோட்டா ஜிஆர் யாரிஸோ வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி: கோஸ்ட் போடுவதா, டிராக்கர் போடுவதா, டிஸ்க்லாக் மட்டும் போதுமா? இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு வேலைகளைச் செய்பவை. கோஸ்ட் என்னும் இம்மொபிலைசர் காரை ஓடவிடாது. டிஸ்க்லாக் என்னும் ஸ்டீயரிங் பூட்டு திருடனின் நேரத்தைத் தின்னும். டிராக்கர் கார் போன பிறகுதான் வேலையைத் தொடங்கும். விலையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தப்பான பொருளுக்குப் பணம் போகும். அதனால் திருடன் எந்த வழியில் வருகிறான் என்பதிலிருந்து பார்ப்போம்.

இந்தக் கார்களை ஏன் குறிவைக்கிறார்கள் என்பது முடிவெடுக்க உதவும் தகவல். 2016 முதல் 2018 வரை வந்த ஆர்எஸ்ஸில் 2.3 லிட்டர் டர்போ, 350 குதிரைத்திறன், நான்கு சக்கர இயக்கம், ரெகாரோ இருக்கைகள். ஜிஆர் யாரிஸ் 1.6 லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ, முதல் பதிப்பில் 261 குதிரைத்திறன், அதுவும் நான்கு சக்கர இயக்கம். இரண்டிலும் எஞ்சின், கியர்பாக்ஸ், பின்பக்க டிஃபரன்ஷியல், இருக்கைகள் என்று தனித்தனியாகக் கழற்றி விற்க நல்ல விலை உண்டு. ஆகவே திருடுபோன கார் சில நாள் கழித்துக் கிடைத்தாலும் கூடாகவே கிடைக்கலாம். காரைத் திரும்பக் கண்டுபிடித்துத் தரும் சாதனத்தைவிட, கிளம்பவிடாத சாதனத்துக்கு இந்த வகைக் கார்களில் மதிப்பு அதிகம் என்று நாங்கள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

திருடன் வரும் வழிகள்

அதிகம் பேசப்படுவது ரிலே முறை. சாவியை வெளியே எடுக்காமலே திறக்கும் கீலெஸ் காரின் கதவுப் பிடியைத் தொட்டதும் கார் ஒரு குறைந்த அலைவரிசைச் சிக்னலை அனுப்பும். அது ஓரிரு மீட்டர்தான் போகும். பக்கத்தில் சாவி இருந்தால் பதில் வரும், கதவு திறக்கும். இருவர் வருகிறார்கள். ஒருவர் வளைய ஆன்டெனாவோடு வீட்டுச் சுவரோரமாக நடக்கிறார், மற்றவர் கார் அருகே நிற்கிறார். காரின் சிக்னலைப் பெருக்கி வீட்டுக்குள் கொண்டுபோனால், வாசல் மேசையில் கிடக்கும் சாவி தன் முன்னால் கார் நிற்பதாக நினைத்துப் பதில் சொல்லிவிடுகிறது. எஞ்சின் ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால் சாவி தொலைவில் போனாலும் நிற்காது. ஓடும் காரை நடுரோட்டில் நிறுத்துவது ஆபத்து என்பதால் தயாரிப்பாளர்களே வைத்த ஏற்பாடு அது. இந்த முறை கண்டுபிடிக்கப்பட்டு நெடுங்காலம் ஆகிறது. சூரிச் ஈடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-லேயே எட்டு தயாரிப்பாளர்களின் பத்து மாடல்களில் இதைச் செய்துகாட்டினார்கள்.

அடுத்தது ஓபிடி வழி. கண்ணாடியை உடைத்து, மெக்கானிக்குகள் காரின் கோளாறுகளைப் படிக்க டாஷ்போர்டின் அடியில் இருக்கும் 16 ஊசி ஓபிடி போர்ட்டில் ஒரு கருவியைச் சொருகி, வெறும் சாவியொன்றைக் காருக்குப் புதிய சாவியாகப் பதிவு செய்துவிடுவார்கள். 2012 வாக்கில் பிரிட்டனில் பிஎம்டபிள்யூ கார்கள் இப்படித்தான் வரிசையாகப் போயின. சாவி தொலைத்தவர்களுக்குப் பூட்டுத் தொழிலாளர்கள் பயன்படுத்தும் அதே வகைக் கருவிதான். வெளி மெக்கானிக்குகளும் காரைப் பழுதுபார்க்க வேண்டும் என்பதால் அந்தப் போர்ட்டை ஒரேயடியாக மூடிவிடவும் முடிவதில்லை.

மூன்றாவது கேன் இன்ஜெக்‌ஷன். கார் பாதுகாப்பு ஆய்வாளர் இயான் டேபரின் டொயோட்டா ராவ்4 லண்டனில் 2022 ஜூலையில் திருடுபோனது. அதற்குச் சில மாதங்கள் முன்பே முன் பம்பர் இழுக்கப்பட்டு, ஹெட்லைட் ஒயர் கழன்று கிடந்தது. யாரோ விஷமிகள் வேலை என்று தோன்றும்படி இருந்தது. உண்மையில் ஹெட்லைட் வரை போகும் கேன் பஸ் ஒயரை, அதாவது காரின் மின்னணுப் பாகங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் நெட்வொர்க்கின் ஒயரை, தேடிய கை அது. புளூடூத் ஸ்பீக்கர் கூட்டுக்குள் மறைத்து விற்கப்படும் ஒரு சர்க்யூட்டை அந்த ஒயரில் இணைத்தால், 'சரியான சாவி இங்கே இருக்கிறது' என்ற பொய்ச் செய்தியை அது காரின் நெட்வொர்க்கில் திணிக்கும். எஞ்சின் கணினி நம்பிவிடும். கதவும் திறக்கும். சாவி வீட்டில் இரும்புப் பெட்டிக்குள் இருந்தாலும் இதற்குக் கவலையில்லை. டேபரும் வாகன நெட்வொர்க் வல்லுநர் கென் டிண்டெலும் சேர்ந்து ஆராய்ந்ததை டிண்டெல் 2023 ஏப்ரலில் வெளியிட்டார். டொயோட்டா, லெக்ஸஸ் மாடல்கள் சிலவற்றில் இந்த முறை பிடிபட்டிருப்பதால் ஜிஆர் யாரிஸ் வைத்திருப்பவர் இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். முன் சக்கர வளைவின் பிளாஸ்டிக் தட்டு தளர்ந்திருந்தாலோ, பம்பர் ஓரம் விலகியிருந்தாலோ, ஒரு பக்க ஹெட்லைட் திடீரென்று கோளாறு காட்டினாலோ, யாரோ இடித்துவிட்டார்கள் என்று விட்டுவிடாதீர்கள். அன்று இரவே காரை வேறு இடத்தில் நிறுத்துங்கள்.

இவை தவிர, வீட்டை உடைத்துச் சாவியையே எடுத்துப்போவதும் உண்டு. லாரியில் தூக்கி ஏற்றிக்கொண்டு போவதும் உண்டு. பின்னது குறைவு. ஆனால் எந்த மின்னணுச் சாதனமும் அதைத் தடுக்காது.

லண்டன் கார் திருட்டுகளில் சுமார் 60 சதவீதத்தில் மின்னணுக் கருவிகள் பயன்படுவதாக மெட்ரோபாலிட்டன் காவல்துறை கணித்திருக்கிறது. திருடர்கள் கையில் இந்தக் கருவிகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதற்கு அந்த எண் போதும்.

செலவே இல்லாதவை முதலில்

டொயோட்டா சாவியில் பலருக்குத் தெரியாத வசதி ஒன்று உண்டு. பூட்டு பட்டனை அழுத்திப் பிடித்தபடியே திறப்பு பட்டனை இரண்டு முறை அழுத்துங்கள். சாவியின் சிவப்பு விளக்கு நான்கு முறை மின்னினால் சாவி உறங்கிவிட்டது என்று பொருள். அதன்பின் காரின் அழைப்புக்கு அது பதில் சொல்லாது. ரிலே வேலை செய்யாது. காலையில் ஏதாவது ஒரு பட்டனை அழுத்தினால் விழித்துக்கொள்ளும். உதிரிச் சாவியைத் தினமும் எடுக்கப்போவதில்லை. அதை நிரந்தரமாக உறங்கவிடுங்கள்.

ஃபோர்டு 2019-இல் ஃபியஸ்டா, ஃபோகஸ் மாடல்களுக்கு 40 விநாடி அசையாமல் கிடந்தால் தானே உறங்கும் சாவியைக் கொண்டுவந்தது. 2018-இல் தயாரிப்பு முடிந்துபோன ஆர்எஸ் அந்தச் சாவியுடன் வந்ததில்லை. ஆகவே கீலெஸ் என்ட்ரி உள்ள ஆர்எஸ்ஸுக்குச் சிக்னலைத் தடுக்கும் ஃபாரடே உறை தேவை. 10 பவுண்டு போதும். ஆனால் உறையை நம்புவதற்கு முன் சோதியுங்கள்: சாவியை உறையில் போட்டு மூடி, கையில் பிடித்தபடி காரின் கதவுப் பிடியை இழுங்கள். திறந்தால் அந்த உறை குப்பைக்கு. பல உறைகளில் இரண்டு பைகள் இருக்கும், உள்பைக்கு மட்டுமே உலோக நெசவு இருக்கும். அவசரத்தில் வெளிப்பையில் சாவியைச் செருகுவதுதான் நடக்கும் தவறு. மடிப்பு விழும் இடத்தில் நெசவு கிழிந்தும் போகும். மாதம் ஒருமுறை அதே சோதனையைச் செய்தால் தெரிந்துவிடும்.

உறையும் உறக்கமும் ரிலேவை மட்டுமே தடுக்கும். ஓபிடிக்கும் கேன் இன்ஜெக்‌ஷனுக்கும் இவற்றால் பயனில்லை. 'சாவியை உறையில்தான் வைத்திருந்தேன், எப்படிப் போனது?' என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றால் காரை இழந்தவர்கள்.

கோஸ்ட் வகை இம்மொபிலைசர்

ஆட்டோவாட்ச் கோஸ்ட் பிரிட்டனில் மிகவும் தெரிந்த பெயர். இக்லா, பண்டோரா போன்றவையும் உண்டு. கோஸ்ட், இக்லா இரண்டின் அடிப்படையும் ஒன்றே. சிறிய பெட்டியொன்றைக் காரின் கேன் பஸ்ஸில் இணைத்துவிடுவார்கள். ஸ்டீயரிங், கதவு, சென்டர் கன்சோல் பட்டன்களில் நீங்கள் வைத்த வரிசையை அழுத்தும்வரை கார் ஓடாது. கோஸ்ட்டில் 4 முதல் 20 அழுத்தம்வரை வரிசை வைக்கலாம். பட்டன் வரிசைக்கு ரேடியோ சிக்னல் எதுவும் தேவையில்லை. எல்இடி விளக்கோ, கிளிக் என்ற சத்தமோ கிடையாது.

இதன் பலம், காரின் சாவிச் சோதனைக்கு அப்பால் இன்னொரு சோதனையாக நிற்பது. ரிலேயில் கதவு திறந்தாலும், ஓபிடியில் புதுச் சாவி பதிந்தாலும், கேன் இன்ஜெக்‌ஷனில் 'சாவி சரி' என்று ஏமாற்றினாலும், வீட்டிலிருந்து அசல் சாவியே போனாலும், பட்டன் வரிசை தெரியாமல் கார் நகராது. நான்கு வழிகளையும் ஒரே சாதனம் அடைக்கிறது. பொருத்துகூலியோடு 400 முதல் 500 பவுண்டு வரை ஆகும். ஆண்டுச் சந்தா இல்லை. ஒரே ஒரு பொருளுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இதற்குப் போடுங்கள் என்பதே எங்கள் தீர்ப்பு.

ஆனால் பொருத்துவதிலும் பயன்படுத்துவதிலும் கோட்டைவிட்டால் அந்தப் பணம் வீண். கவனிக்க வேண்டியவை இவை.

பெட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதுதான் பாதிப் பாதுகாப்பு. எல்லாக் காரிலும் ஃபியூஸ் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டுப் போகும் பொருத்துநரின் வேலையை ஒருமுறை பார்த்த திருடன், அடுத்த காரில் நேராக அங்கேதான் கைவைப்பான். காருக்குக் கார் இடம் மாற்றுவீர்களா, ஒயரைச் சால்டர் செய்து, காரில் ஏற்கெனவே இருக்கும் துணி டேப்பைப் போலவே சுற்றுவீர்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். இடம் எது என்று உங்களுக்கே தெரிய வேண்டியதில்லை. ஜன்னலில் ஒட்டத் தரும் ஸ்டிக்கரை நாங்கள் ஒட்டச் சொல்வதில்லை. எதைத் தேட வேண்டும் என்று திருடனுக்கு அது சொல்லிக்கொடுக்கிறது.

பட்டன் வரிசை எட்டு அழுத்தமாவது இருக்கட்டும், குறைந்தது மூன்று வெவ்வேறு பட்டன்களில். 'ஒலி கூட்டு' பட்டனை நான்கு முறை அழுத்துவது வரிசையே இல்லை. பார்க்காமல் விரல் பழகிய வரிசையாக இருந்தால் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கும் புரியாது.

வரிசைக்குப் பதிலாக, போனின் புளூடூத்தையோ சிறு டேகையோ அடையாளமாக வைக்கும் வசதியும் உண்டு. சௌகரியமானது; ஆனால் அந்த டேகைக் கார்ச் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்துவிட்டால், சாவி திருடுபோகும் நாளில் இம்மொபிலைசரும் சேர்ந்தே போகும். வரிசையை மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது.

சர்வீஸுக்கு விடும்போது சர்வீஸ் மோடில் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்த மோடில் கோஸ்ட் காவல் காக்காது. திரும்ப எடுத்ததும், ஒர்க்‌ஷாப் வாசலிலேயே எஞ்சினை நிறுத்தி, வரிசை அழுத்தாமல் கிளப்பிப் பாருங்கள். கிளம்பினால் இன்னும் சர்வீஸ் மோடில்தான் இருக்கிறது. வரிசை மறந்தால் காரைக் கிளப்ப உதவும் அவசர எண் அச்சிட்ட அட்டையை வீட்டில் வையுங்கள். கிளவ் பாக்ஸில் வைத்தால் பூட்டின் மேலேயே சாவியைத் தொங்கவிட்டதாகிவிடும்.

கோஸ்ட் காக்காத இடங்களும் உண்டு. கண்ணாடி உடைவதை அது தடுக்காது. கோஸ்ட் இருப்பது திருடனுக்கு உள்ளே வந்து தோற்ற பிறகுதான் தெரியும். லாரியில் தூக்குவதையும் தடுக்காது. கண்ணுக்குத் தெரியும் தடை ஒன்று கூடவே வேண்டும் என்பது இதனால்தான்.

ஸ்டீயரிங் லாக், கியர் லாக்

சாதாரணக் கம்பிப் பூட்டு பூட்டின் வலிமையால் தோற்பதில்லை. திருடன் பூட்டைத் தொடவே மாட்டான். ஸ்டீயரிங் வளையத்தை ஓரிடத்தில் ரம்பத்தால் அறுத்து வளைத்தால் பூட்டு முழுசாகக் கழன்று வந்துவிடும். டிஸ்க்லாக் முழு ஸ்டீயரிங்கையும் எஃகுத் தட்டால் மூடுவதால் அறுக்க வளையமே கைக்கு அகப்படாது. பிடித்துத் திருப்பினால் அது மட்டும் சுழலும். பேட்டரி கிரைண்டர் வைத்திருப்பவன் அறுப்பான். ஆனால் காருக்குள் குனிந்து உட்கார்ந்து, தீப்பொறி தெறிக்க, தெருவே விழிக்கும் சத்தத்தில் அறுக்க வேண்டும். ஏர்பேக் திருட்டும் இதனால் நிற்கும்.

மூன்று அளவுகளில் வருகிறது. ஸ்டீயரிங்கின் வெளிவிளிம்பிலிருந்து எதிர் வெளிவிளிம்புக்கு டேப் வைத்து அளந்து வாங்குங்கள். ஆர்எஸ்ஸின் ஸ்டீயரிங் அடிப்பக்கம் தட்டையானது. மேலிருந்து கீழாக அளந்தால் சிறிய அளவு வந்து ஏமாறுவீர்கள், இடமிருந்து வலமாக அளக்க வேண்டும். விலை 150 முதல் 200 பவுண்டு. பல கிலோ எடையுள்ள இரும்பு என்பதால் ஓட்டும்போது இருக்கையில் போடாதீர்கள், டிக்கியில் வையுங்கள். விபத்தில் அது முன்னால் பறக்கும். சோம்பலால் இரவில் மாட்டாமல் விடுவதுதான் இதன் ஒரே பெரிய குறை.

இந்தியாவில் கார் டெலிவரியின்போதே மாட்டித்தரும் கியர் லாக் நம் ஆட்களுக்குப் பழக்கமானது. ஆர்எஸ் மேனுவல் கார், ஜிஆர் யாரிஸின் முதல் பதிப்பும் மேனுவல்தான். ரிவர்ஸில் போட்டுப் பூட்டும் வகை இவற்றுக்குப் பொருத்தமே. உங்கள் மாடலுக்கென்றே செய்த கிட் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள். பொதுவான கிட்டுக்காக கன்சோலைத் துளைப்பது இந்தக் கார்களின் மறுவிற்பனை விலையைக் கெடுக்கும்.

ஓபிடி பூட்டு, அதாவது போர்ட்டின் மேல் மாட்டும் உலோக மூடி, 50 பவுண்டு அளவில் கிடைக்கும். கோஸ்ட் இருந்தால் அவசியமில்லை. கோஸ்ட் இல்லாத ஆர்எஸ்ஸுக்கு நல்ல தற்காலிக ஏற்பாடு. ஆனால் மூடியின் பின்னால் போகும் ஒயரை உரித்து இணைக்கத் தெரிந்தவன் அதைத் தாண்டுவான்.

டிராக்கர்: எஸ்5, எஸ்7

பிரிட்டனின் வாகனப் பாதுகாப்பு ஆய்வு மையமான தாட்சம் ரிசர்ச் டிராக்கர்களுக்கு வகுத்த தரங்களில் இன்று நடப்பில் இருப்பவை எஸ்5, எஸ்7. எஸ்7 கார் எங்கே இருக்கிறது என்று காட்டும். எஸ்5 அதோடு ஓட்டுநர் கூடவே வைத்திருக்க வேண்டிய சிறு டேகையும் கேட்கும். டேக் இல்லாமல் கார் நகர்ந்தால் 24 மணி நேரக் கட்டுப்பாட்டு அறைக்கு உடனே தகவல் போய், உங்களுக்கு அழைப்பு வரும். எஸ்7-இல் கார் போனதை நீங்கள் கவனித்துச் சொல்ல வேண்டியிருக்கலாம். நடுராத்திரி 3 மணிக்குப் போன கார் காலை 7 மணிக்குத் தெரிந்தால் அந்த நான்கு மணி நேரத்தில் எஞ்சின் கழன்றிருக்கும். இந்தக் கார்களுக்கு டிராக்கர் போடுவதென்றால் எஸ்5 போடுங்கள்.

இரண்டுக்கும் ஆண்டுச் சந்தா உண்டு. ஐந்து வருடக் கணக்கில் பார்த்தால் சந்தாத் தொகை கருவியின் விலையைத் தாண்டிவிடும். ஜாமர் வைத்து ஜிபிஎஸ், மொபைல் சிக்னலை முடக்கும் கும்பல்களும் உண்டு; வேறு அலைவரிசையில் இயங்கும் விஎச்எஃப் ரேடியோ துணையும் உள்ள டிராக்கர் அப்போது கைகொடுக்கும். திருடர்கள் காரை ஓரிரு நாள் அமைதியான தெருவில் நிறுத்திவைத்து யாராவது தேடி வருகிறார்களா என்று பார்ப்பதும் வழக்கம். டிராக்கர் காரை மீட்டுத் தருவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். இடம் தெரிந்ததும் நீங்களே தேடிப் போகாதீர்கள். காவல்துறையில் புகார் எண் வாங்கிக் கட்டுப்பாட்டு அறைக்குக் கொடுங்கள்.

எஸ்5 டேகைச் சாவிக்கொத்தில் மாட்டும் பழக்கம் இங்கேயும் ஆளைக் கவிழ்க்கும். சாவியோடு டேகும் போனால் திருடனே அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர். பர்ஸில் தனியாக வையுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை அதன் பேட்டரியை மாற்றுங்கள். பழைய காரோடு டிராக்கர் வந்தால் உங்கள் பெயருக்கு மாற்றிச் சந்தா கட்டினால்தான் அது உயிரோடு இருக்கும்.

ஏர்டேக் போதாதா என்று கேட்பவர்களுக்கு: அறியாத ஏர்டேக் கூடவே வருகிறது என்று திருடனின் ஐபோனுக்கே எச்சரிக்கை போகும், இப்போது ஆண்ட்ராய்டுக்கும் போகும். கூடுதலாக ஒன்று ஒளித்துவைப்பதில் தப்பில்லை, அதையே நம்பக் கூடாது.

யாருக்கு எது

லண்டனின் ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ தெருவோரம் நிறுத்துபவருக்குக் கோஸ்ட்டும் டிஸ்க்லாக்கும். ஒன்று தெரியும் தடை, ஒன்று தெரியாத தடை. இரண்டும் சேர்ந்து 700 பவுண்டுக்குள் முடியும். பணம் ஒரேயடியாக இல்லையென்றால் இன்றே டிஸ்க்லாக், அடுத்த மாதம் கோஸ்ட்.

வீட்டு முன்னால் கார் நிறுத்தச் சொந்த டிரைவ்வே உள்ளவர் இவற்றோடு மடக்கும் அல்லது தரைக்குள் இறங்கும் தடுப்புக் கம்பம் ஒன்று வைக்கலாம். தோண்டும் முன் எரிவாயு, தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்று பாருங்கள். தரைக்குள் இறங்கும் வகைக்குக் குழியின் அடியில் சரளைக் கல் போட்டு நீர் வடிய வழி வேண்டும், இல்லாவிட்டால் குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்து கம்பம் எழும்பாது. வெறும் போல்ட்டில் தரையில் முடுக்கிய கம்பத்தைக் காரே தள்ளிவிடும். கான்கிரீட்டில் பதித்தது மட்டுமே கணக்கு. கம்பத்துக்கும் பம்பருக்கும் இடையே கார் திரும்பி வெளியேறும் இடம் விட்டுவிடாதீர்கள். லாரியில் தூக்குபவனுக்கும் இது தடை.

கராஜில் வைத்து வாரயிறுதியில் மட்டும் எடுப்பவருக்குக் கோஸ்ட்டைவிட மலிவான வழி இருக்கிறது: பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுவது, டிஸ்க்லாக் மாட்டுவது. எஸ்5 இருந்தால் மட்டும் முனையைக் கழற்றாதீர்கள், கட்டுப்பாட்டு அறைக்கு எச்சரிக்கை போகும். பேட்டரி தீராமல் பார்த்துக்கொள்ளும் சார்ஜரான பேட்டரி கண்டிஷனரை மாட்டிவிடுங்கள். நிற்கும் காரில் டிராக்கர் மெல்ல மெல்லப் பேட்டரியை உறிஞ்சும்.

சாவியைத் தேடி வீட்டுக்குள் வருபவர்களை எண்ணியாவது சாவியை வாசலிலிருந்து விலக்கி வையுங்கள். தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள், அவர்கள் படுக்கையறைக்கு வரக் கூடாது. மிரட்டிப் பட்டன் வரிசையைக் கேட்டால் சொல்லிவிடுங்கள். கார் காப்பீட்டில் இருக்கிறது.

அந்தக் காப்பீட்டைப் பற்றிக் கடைசியாக ஒன்று. கோஸ்ட், டிராக்கர் எதைப் போட்டாலும் பொருத்தியதற்கான சான்றிதழோடு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். பாலிசியில் 'எஸ்5 டிராக்கர் கட்டாயம்' என்று இருந்து சந்தா காலாவதியாகிக் கிடந்தால் இழப்பீட்டில் சிக்கல் வரும். கோஸ்ட் எஸ்5-க்கு மாற்றாகாது. நிறுவனம் எஸ்5 கேட்டால் எஸ்5 போட்டே ஆக வேண்டும். ஆகவே கடைக்குப் போகும் முன் பாலிசியின் பாதுகாப்பு நிபந்தனைப் பக்கத்தைப் படித்துவிட்டு, என்ன போடப்போகிறீர்கள் என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள்.